பக்கத்து வீட்டு நாற்றம்

"உவ்வ்வே!"

பின்சீட்டிலிருந்து வந்த சத்தத்தில் பொன்னுவேல் ஜீப்பை அப்படியே நிறுத்திவிட்டான்.

பக்கத்தில் இருந்த அவன் மனைவி கலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. புளித்த கஞ்சி வாடை வந்துவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

புதிதாகத் தைத்துப் போட்ட சீட் உறை தொலைந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா" என்று பக்கத்து வீட்டு ராசம்மாள் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். அவள் மடியில் நான்கு வயது மகள் ஐஸ்வர்யா நனைந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக வயிற்றாலும் வாயாலும் போகிறது. விடிந்ததிலிருந்து கண்ணையே சரியாகத் திறக்கவில்லை.

ஏற்காட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஜீப் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மலையில் அது வழக்கமில்லை. கலாவும் பஜாருக்குப் போக வேண்டியிருந்ததால் முன்சீட்டில், ஜன்னலோரமாக ஏறிக்கொண்டாள்.

ஒரு மாதமாகவே ராசம்மாள் வீட்டுப் பக்கம் போனால் கலாவுக்குக் குமட்டும். வாசலில் நின்றாலே சாக்கடை நாற்றம். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த அதிரசத்தை, கதவைச் சாத்திக்கொண்டு கோழிக்குப் போட்டாள். கேட்டால், "தண்ணி நாறுதுங்கக்கா" என்பாள் ராசம்மாள்.

தண்ணி நாறுதாம்!

அவர்கள் ஊரான செம்மநத்தத்தில் கடைசி வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே ஓடை. மேலே காட்டோடையில் கல்லை அணைத்து வைத்து, கறுப்பு ஓஸ் பைப்பைச் சொருகி, அவரவர் தொட்டிக்கு இறக்கிக்கொள்வதுதான் பழக்கம். புதருக்குள் எது யார் ஓஸ் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். கலா வீட்டுக்கும் அதே ஓடைத் தண்ணீர்தான். கண்ணாடி மாதிரி வருகிறது. அப்படியானால் நாறுவது தண்ணீரா, தொட்டியா?

"தொட்டியக் கழுவுனாத்தான புள்ள?" என்றாள் இப்போதும், முகத்தைத் திருப்பாமல். "பாசியும் புழுவுமா வெச்சிருந்தா கொழந்தைக்கு நோவு வராம என்ன பண்ணும்?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ கழுவறனுங்கக்கா."

"நொம்பக் கழுவுன!"

பொன்னுவேல் கியரைப் போட்டான்.

இந்த சீசனில் அவனுக்கு நல்ல ஓட்டம். மேலே இருக்கிற ரிசார்ட் ஒன்றின் விருந்தாளிகளுக்கு மலையைச் சுற்றிக் காட்டுவது அவன்தான். ஐப்பசி மூட்டம், சிவக்கத் தொடங்கிய காப்பிப் பழம், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி. "ஆஹா, என்ன சுத்தமான காத்து!" என்று ஜீப்புக்கு வெளியே மூக்கை நீட்டி மூச்சிழுத்துவிட்டு, சிப்ஸ் உறையை அங்கேயே வீசிவிட்டுப் போவார்கள். வேறு எந்த ஜீப்பையும் அந்த கேட்டுக்குள் விடுவதில்லை. மேனேஜருக்குப் பொன்னுவேல் என்றால் தனி மரியாதை. கலாவுக்கு அதில் பெருமைகூட உண்டு.

எஸ்டேட் பிரிவில், ரோடு இரண்டாகப் பிரியும் இடத்தில், அவன் வண்டியைக் கீழ் ரோட்டுக்குத் திருப்பினான்.

"ஏனுங்க, சுத்து வழி எதுக்கு? மேல் ரோட்டுலயே உடுங்க. கால் மணி நேரம் மிச்சமாகும்."

"மேல் ரோடு மழைக்கு அரிச்சுக் கெடக்குது."

"கெடந்தாக் கெடக்குது. இந்த வாடையில அரை மலையச் சுத்துனா நானும் வாந்தி எடுத்துருவேன்."

அவன் தயங்கினான். பின்னால் குழந்தை மறுபடி ஓங்கரித்தது.

"திருப்புங்கன்னா!"

ஜீப் மேல் ரோட்டில் ஏறியது.

மூன்றாவது வளைவில், மூட்டத்துக்குள் ஒரு டேங்கர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்புறத்திலிருந்து தொடைப் பருமனில் ஒரு குழாய் பள்ளத்தில் இறங்கியிருந்தது. குழாயிலிருந்து கறுப்பாக, கொழகொழவென்று, எந்தெந்த ஊர்க்காரர்களோ வந்து தங்கிக் கழித்துவிட்டுப் போனதெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது.

நேராகக் காட்டோடைக்குள்.

நாற்றம் முகத்தில் அறைந்தது. கலாவுக்கு அது புதிதில்லை. ராசம்மாள் வீட்டு வாசலில் அடித்த அதே நாற்றம். சற்று முன் கஞ்சிப் புளிப்புக்கு அடியில் இருந்ததும் அதுதான்.

ராசம்மாள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையை எடுத்துக் குழந்தையின் வாயைப் பொத்தினாள், இனிமேல்தான் உள்ளே போகப்போகிறது என்பதுபோல.

கலாவுக்குக் கண் எரிந்தது. எச்சிலை விழுங்கக்கூட அருவருப்பாக இருந்தது.

"இந்தப் பீத்தண்ணியவா கொழந்த ஒரு மாசமாக் குடிக்குது? எறங்கிக் கேளுங்க! எவன் உட்ட வண்டின்னு கேளுங்க!"

பொன்னுவேல் அசையவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலா அவன் தோளில் கை வைத்துத் தள்ளினாள். வேறு வழியில்லாமல் இறங்கினான்.

"யார்றா உன்ன இங்க கொட்டச் சொன்னது?" என்று கத்தினான். மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த லாரிக்காரன் நிமிர்ந்தான். பொன்னுவேலையும், ஜீப்பில் இருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தவன்போலப் பாதி சிரித்தான்.

"என்னங்ண்ணா, நீங்க மேனேஜருக்குக் காட்டுன எடந்தானுங்களே? உங்க ஊட்டு ஓஸத்தான் அன்னைக்கே இதுக்கு மேல தள்ளிக் கட்டிக்கிட்டீங்களே, அப்புறம் எதுக்குங்க இந்தச் சத்தம்?"