நாற்பத்தொரு வீடு

அந்தனி கிளாக்கர் ஆபீஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டபோது கலைச்செல்வி கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். வெற்றிலை எச்சில் ஊறிய வாயோடு அந்த ஆள் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"யாருக்கும் தெரியக்கூடாது புள்ள," என்றார். "உன்னால மட்டுந்தான் முடியும்."

"தள்ளி நின்னு பேசுங்க ஐயா."

தள்ளித்தான் நின்றார். விரல் மட்டும் நீண்டு கம்ப்யூட்டர் திரையைக் காட்டியது. "அந்த லிஸ்ட்ட அழிச்சிரு."

சீ, இதற்கா! வேறு எதற்காவது வந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள். இதற்கு எதைக் கழற்றுவது?

மூன்று வாரமாக அவள் உட்கார்ந்து செய்த பட்டியல் அது. யட்டியாந்தோட்டைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். கம்பெனி அவளை மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. தோட்டத்து விவரமெல்லாம் இனி ஆபீஸ் அலமாரியில் கிடக்காது, எங்கோ ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்த டேட்டாபேஸில் இருக்கும். அதற்கான போர்ட்டலைத் திறந்து, எவ்வளவு இடம், யார் யார் உள்ளே வரலாம், தினமும் எத்தனை மணிக்கு பேக்கப் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து அமைத்தவளும் அவள்தான்.

"தோட்டத்துல யாருமே வேலை செய்யாத வீடுங்கள மொதல்ல போடு," என்று தோட்டத்து மேனேஜர் துரை சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. இந்த மனுஷன் நெஞ்சிலும் ஈரம் இருக்கிறதே! பக்கத்துத் தோட்டத்தில் தனி வீடு கட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தோட்டத்தில் பட்டியல் என்று ஒன்று வந்தால், அது தகரமோ அரிசியோ மெத்தையோ எதையாவது கொடுக்கத்தான் வரும். பேர் விழாதவர்கள்தான் அழுவார்கள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். விடுபட்ட ஆறு குடும்பங்களையும் தேடிப் பிடித்துச் சேர்த்தாள். நாற்பத்தொன்றாவது, அவளுடைய அம்மா ஜெயம்மாவின் வீடு. இடுப்பு விட்டுப்போனதிலிருந்து அம்மா ரப்பர் பால் வெட்டப் போவதில்லை; மூன்று மாத ஒப்பந்தக்காரி மகள் தோட்டத்து ஆள் கணக்கில் வரமாட்டாள். மழை வந்தால் எட்டுப் பாத்திரம் வைத்தும் படுக்கை நனைகிறது. அம்மாவுக்கு ஒழுகாத ஒரு வீடு கிடைத்துவிட்டால் போதும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

"எதுக்கு அழிக்கணும்?"

"ஏன்னு கேக்காத. ஒரு மாசம் தள்ளிப்போனாப் போதும். ஆளுங்க ஏதாச்சும் ஏற்பாடு செஞ்சுக்குவாங்க."

"யாரு, உங்க ஆளுங்களா?"

அந்தனி சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும் புள்ள," என்றார்.

போகட்டுமே! இவர் யோக்கியதை அவளுக்கா தெரியாது? போன வருஷம் அடித்த காற்றுக்குப் பிறகு தகரம் கொடுத்தபோது, கூரை பறந்த வீடுகளை விட்டுவிட்டுத் தன் தங்கச்சி ஹில்டா பேரை முதலில் எழுதியவர் இவர். ஹில்டா அந்தத் தகரத்தில் கோழிக்கூடு கட்டினாள். இப்போது மிச்சமிருக்கும் சொந்தக்காரர்களையும் உள்ளே தள்ள ஒரு மாதம் தேவைப்படுகிறதாக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் வரிசை வேறு. தூ!

"இல்லாதவங்க வயித்துல அடிக்கிற வேலைய நான் செய்யமாட்டேன். வேணும்னா நீங்களே செய்ங்க."

"பாஸ்வேர்டு எனக்கும் குடுத்திருக்காங்க," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "எந்த பட்டன்னு மட்டும் காட்டு."

அவள் பட்டனைக் காட்டிவிட்டு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அழிப்பது உறுதியென்றால் டேட்டாபேஸின் முழுப் பேரையும் அடிக்கும்படி போர்ட்டல் கேட்டது. அந்தனி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். நெற்றி வேர்வை கீபோர்டில் சொட்டியது. பட்டியல் இருந்த இடம் வெறுமையானதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

செய்கிற அயோக்கியத்தனத்துக்கு ஆண்டவனையும் துணைக்குக் கூப்பிடுகிறாரே!

"அஞ்சு மணிக்குக் கொழும்புக்காரங்க லிஸ்ட்ட எடுப்பாங்க. கேட்டா, கை தவறி அழிஞ்சிருச்சுன்னு சொல்லிரு," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

கலைச்செல்வி முதலில் கீபோர்டைத் துணியால் அழுந்தத் துடைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். காலம் பூராவும் லெட்ஜர் புரட்டிய மனுஷனுக்கு பேக்கப் என்று ஒன்று இருப்பது எங்கே தெரியப்போகிறது? காலையில் எடுத்த பிரதி பத்திரமாக இருந்தது. ரீஸ்டோர் என்பதை அழுத்தினாள். இருபது நிமிடம் சக்கரம் சுற்றி, நாற்பத்தொரு வீடும் ஒன்று குறையாமல் திரும்பி வந்தன.

ஐந்தேகாலுக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. "லிஸ்ட் எக்க ஆவா மிஸ்," என்றது ஒரு சிங்களக் குரல். பட்டியல் கிடைத்துவிட்டதாம்.

"ஹரி மாத்தயா," என்று சிங்களத்திலேயே சரி சொல்லிப் போனை வைத்தவள் நேரே வராந்தாவுக்குப் போனாள். அந்தனி வீட்டுக்குப் புறப்படக் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அழிச்சத நான் திருப்பிக் கொண்டாந்துட்டேன் ஐயா. எல்லாப் பேரும் கொழும்புக்குப் போயிருச்சு. எங்கம்மா பேரும் சேத்துத்தான். இனிமே என்ன செய்றீங்கன்னு பாப்போம்!"

அவர் கையிலிருந்து குடை நழுவியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா பேரையுமா போட்ட?"

"போடாம? ஒழுகுற வீட்லயே கெடந்து சாகச் சொல்றீங்களா?"

அந்தனி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"வேலைக்கு ஆள் வராத வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்ற லிஸ்ட்டு புள்ள அது."