விடிவதற்குள் தீரும் பேட்டரி

"சவத்துப் பேட்டரி இன்னைக்கும் சதிச்சிட்டு" என்று சொல்லி, சிவதாணு கேமராவைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

கரமனையில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஜெபமலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இதே புகாரோடு அவர் ஏற்கெனவே வந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், எப்போதும்போல், மனைவி சரஸ்வதியம்மாள் நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். சிவதாணு வீட்டு முற்றத்தில் ஒரு அடுக்குச் செம்பருத்தி நிற்கிறது. அவரே நட்டு, அவரே தண்ணீர் விட்டு வளர்த்தது. கொஞ்ச நாளாக விடிகிற நேரத்தில் யாரோ வந்து பூவையெல்லாம் பறித்துக்கொண்டு போகிறார்கள். சிவதாணு அக்கவுண்ட்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கண் முன்னால் ஒரு கணக்கு உதைத்தால் அவருக்குப் பொறுக்காது.

மகன் அபிலாஷ் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்து, செடியைப் பார்த்தபடி ஜன்னல் கம்பியில் கட்டினார். சிறிது நேரத்துக்கு ஒரு படம் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் செடியில் பூவும் இல்லை, பேட்டரியில் உயிரும் இல்லை. எடுத்த படங்களில் இருட்டு மட்டும் இருந்தது. அந்த இருட்டைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மத்தியானம் வரை ஒரு கை தெரிகிறதா, ஒரு முண்டு தெரிகிறதா என்று தேடினார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

முதலில் வந்தபோது, பின்னாலிருக்கும் திரையை அணைத்து வைக்கும்படியும், ஃப்ளாஷ் வேண்டாம் என்றும் ஜெபமலர் சொல்லியிருந்தாள். அடுத்த தடவை, சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதனால் அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே ஏற்றுங்கள் என்றாள். முனைகளை உலர்ந்த துணியால் துடைத்தும் கொடுத்தாள்.

"எடுத்த படத்தைக் கேமராவிலேயே பாப்பீங்களா சார்?"

இல்லை, கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் பார்ப்பேன் என்றார் சிவதாணு.

"அது மதி, அதுவே போதும். திரையில பாத்துக்கிட்டே இருந்தா சார்ஜ் வேகமா எறங்கும். லென்சு உள்ளயும் வெளியயும் போய்வந்தாலும் அப்படித்தான்."

"லென்சு போய்வந்தா ரொம்ப எறங்குமோ மக்களே?" என்று சரஸ்வதியம்மாள் கேட்டாள்.

நன்றாகவே இறங்கும் என்றாள் ஜெபமலர். பேட்டரியை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்றும் சரஸ்வதியம்மாள் விசாரித்தாள். ஆயுசு குறையும், சூடு ஆகவே ஆகாது என்று பதில் வந்தது. ஒவ்வொன்றையும் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நான் மறந்தாலும் இவ மறக்கமாட்டா" என்றார் சிவதாணு.

புதுப் பேட்டரி ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று ஜெபமலர் சொன்னபோது அவர் சட்டைப்பையில் கைவிட்டார். சரஸ்வதியம்மாள்தான் தடுத்தாள். இருப்பதையே ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும், புதிது எதற்கு என்றாள். ஜெபமலருக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

போகும்போது சிவதாணு குரலைத் தாழ்த்தி, தனக்குப் பக்கத்து வீட்டு நேசமணியின் மேல்தான் சந்தேகம் என்றார். அந்த மனுஷன் பையும் கையுமாக விடியற்காலையில் நடக்கப் போகிறாராம். படம் ஒன்று சிக்கட்டும், தெருச் சங்கக் கூட்டத்தில் வைத்தே காட்டிவிடுகிறேன் என்றார்.

அடுத்த வாரம் சரஸ்வதியம்மாள் மட்டும் வந்தாள். சார் வரவில்லையா என்று கேட்டதற்கு, காலையில் எழுந்ததிலிருந்து ஜன்னலை விட்டு நகரமாட்டேன் என்கிறார், தோசையைக்கூட அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். பேட்டரியை மேசைமேல் வைத்தாள். அது மறுபடியும் தீர்ந்திருந்தது.

ஜெபமலர் அதை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரச் சொன்னாள். சார்ஜ் ஏற்றித் தன் கடைக் கேமராவில் போட்டு ஓடவிட்டாள். சரஸ்வதியம்மாள் திரும்பி வந்தபோதும் அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபமலருக்கு முகம் வாடிவிட்டது. பேட்டரியில் குறை இல்லை என்றால் தான் சொன்ன யோசனையில்தான் குறை இருக்கவேண்டும். ஊரில் இருக்கிற பேர் போய்விடுமே என்று பயந்தாள்.

"அம்மா, நான் புதுசு ஒண்ணு தாறேன். பைசா வேண்டாம். நான் சொன்னது எதுவும் சாருக்குப் பிரயோஜனப்படலை" என்றாள்.

சரஸ்வதியம்மாள் கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"உனக்க மேல குத்தமே இல்ல மக்களே. நீ செய்யாண்டாம்னு சொன்னதை எல்லாம் நான்தான் ஒண்ணுவிடாம செய்யேன். விடியதுக்கு முன்ன எந்திரிச்சு, திரையில அபிலாஷுக்க கல்யாணப் படத்தைப் பாத்துக்கிட்டே லென்சை உள்ளயும் வெளியயும் ஓட்டுவேன். பேட்டரி தீந்த பொறவு பூவைப் பறிச்சு ஆத்தங்கரைப் பிள்ளையாருக்குப் போட்டிருவேன்."

ஜெபமலர் ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றினாள்.

"ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து அடுக்களையில கசேரியைப் போட்டு இருந்துக்கிட்டு, ரசத்துக்கு எத்தனை மிளகு போடுகேன்னு எண்ணிக்கிட்டு இருந்தாரு. இப்ப மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கமே வாறதில்ல."

பேட்டரியை வாங்கிக்கொண்டு படியிறங்கியவள், ஏதோ நினைத்துத் திரும்பி வந்தாள்.

"எதிர்வீட்டு பிரேமாக்க வீட்டுக்காரரும் வாற மாசம் ரிட்டயர் ஆவாரு. அவளுக்கும் ஒரு பழைய கேமரா பாத்து வை. அவ வீட்டுல கொய்யாமரம் நிக்கு."