தூக்குறதுக்கு நாலு பேரு

வாடகைக் கார் வள்ளூரைத் தொடுவதற்குள் மழை வலுத்துவிட்டது. செத்துப்போன பெரியப்பாவின் வீட்டுக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. புளியந்தோப்புக்காரனான எனக்கு இங்கே எல்லாத் தெருவும் ஒரே தெருதான்.

"எவன் சாவுக்கும் போகாத ஆளு. அவனைத் தூக்க நாலு பேரு தேறுமா?" என்றேன்.

"அப்ப நீ இன்னாத்துக்குயா வந்த?" என்றாள் என் மனைவி கார்குழலி.

"தேறாததைக் கண்ணால பாக்கத்தான்." மாலையைக்கூட இருப்பதில் சின்னதாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன்.

"அண்ணே, அதோ சாவு வூடு" என்று டிரைவர் ஃபர்ஹான் நிறுத்தினான். ஷாமியானாவுக்குக் கீழே மூன்றே ஆண்கள் நனைந்தபடி நின்றார்கள்.

"பாத்தியா?" என்று மனைவியை இடித்தேன். பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

ஒரு பெண் ஓடிவந்து கார்குழலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மழைன்னு ஒருத்தரும் வரலக்கா. தூக்க ஒரு ஆளு கொறையுதுன்னு நின்னுகினு கீறோம். நீங்களாச்சும் வந்தீங்களே!"

ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. பெரியப்பாவைக் கடைசியாக ஒரு முறை முறைத்துவிடலாம் என்று கையால் துடைத்தேன்.

உள்ளே மூக்குத்தி போட்ட யாரோ ஓர் அம்மா.

"வூடு மாறி வந்துட்டோம்யா. கெளம்பு" என்று கார்குழலி காதைக் கடித்தாள்.

நான் மாலையைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"உங்க பெரியப்பா?"

"அந்தாளு எந்தச் சாவுக்கு வந்தான்? கொஞ்ச நேரம் காத்துகினு கெடக்கட்டும்."