கடகடப்பு நின்ற நேரம்
பிற்பகல் மூன்று மணிக்கு எங்கிருந்தோ வந்த கருமேகம் சூரிய மின்தகடுகளின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் பச்சைக் கோடு சரசரவென்று இறங்க, பணியிலிருக்கும் என்ஜினியர் பெண் எல்லைக்கு அப்பாலுள்ள நீர்மின் நிலையத்துக்குப் போன் போடுகிறாள். நான்கு வருடமாகக் குரலால் மட்டுமே தெரிந்த அண்ணன் எடுக்கிறார். குரலுக்குப் பின்னால், எப்போதும்போல, ஒரு பழைய மின்விசிறி கடகடக்கிறது. "ஆறு மெகாவாட் வேணும்ணே. ஆஸ்பத்திரி லைனே ஆடுது." "ஆறு மெகாவாட்," என்று வழக்கப்படி திருப்பிச் சொல்கிறார். "இங்கயும் அணையில தண்ணி கம்மிதாம்மா. இரு, பாக்கறேன்." கோடு தயங்கித் தயங்கி நிமிர்கிறது. சன்னலுக்கு எதிரே ஆஸ்பத்திரியின் ஐந்து மாடி விளக்குகளில் ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. போனில் மட்டும் கடகடப்பைக் காணோம். "என்னண்ணே, ஃபேன் நின்னுடுச்சா?" "ஆறு மெகாவாட்டுக்குக் கடைசியில கொஞ்சம் குறைஞ்சுதும்மா. ஊர்க்காரங்க லைன்ல கை வைக்க மனசு வரல. எங்க ஆபீஸ், குவார்ட்டர்ஸ் கரண்ட நிறுத்திட்டேன். சன்னலத் திறந்தாச்சு, ஜிலுஜிலுன்னு காத்து வருது." காகிதத்தால் அவர் விசிறிக்கொள்ளும் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்கிறது. அவள் எழுந்து, தன் தலைக்கு மேல் சுழலும் விசிறியை அணைத்துவிட்டு வந்து, மறுபடி போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள்.