வாத்துகளுக்கு ஆசனம்

அருக்காணி கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

விடிந்தும் விடியாத பனியில், கல்கத்தா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மூங்கில் சட்டத்தில் கட்டிய ஆகாயத்தாமரைக் குவியலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு குவியல்கள் மிதந்துகொண்டிருந்தன.

டார்ச்சோடு ரோந்து வந்த ஏரிப் பாதுகாப்புக் குழுச் செயலாளர் பத்மநாபனுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா பின்னே? ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின், அவர் அதிகாரம் செய்ய மிச்சமிருந்தது இந்த ஏரி ஒன்றுதான். இருபது ஆளை இறக்கி, ஒரு தழை விடாமல் வழித்து, தண்ணீரைக் கண்ணாடி ஆக்கியிருந்தார். 'பறவைகளே வருக' என்று கரையில் போர்டுகூட வைத்தாயிற்று.

பறவைகளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் இறங்குகிற வாத்துகள், இந்தத் தடவை மேலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு வேறு ஊர் பார்க்கப் போயின. ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பார்க்கப் பெரிய அதிகாரி வேறு வருகிறார்!

"ஏம்மா, நீ கேங்மேன் பரமசிவத்தோட சம்சாரம்தானே? நாங்க வழிச்சுப் போட்ட குப்பையை மறுபடி உள்ளே தள்றியே, சுத்தம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"வெறுந்தண்ணியில வாத்து எங்கீங்கய்யா உக்காரும்? பகல் பூரா இந்தத் தழை மேலதான் தூங்கும். வேருல நத்தை, பூச்சி, மீன்குஞ்சு எல்லாம் இருக்குதுங்க. ஏரி முழுக்க அடைச்சாலும் ஆகாது, முழுக்க வழிச்சாலும் ஆகாதுங்க."

"எனக்கே பாடமா? முப்பத்திரண்டு வருஷம் ஆபீசரா இருந்தவன் நான்!"

"அது வாத்துக்குத் தெரியாதுங்களே."

பத்மநாபனின் மப்ளரே சிவந்துவிட்டது.

"யார் சொல்லிச் செஞ்சே?"

அருக்காணி குனிந்து மூங்கில் கட்டை இறுக்கினாள்.

"சொல்ல மாட்டே? சரி. உன் புருஷனோட ஆபீசுக்கு லெட்டர் எழுதறேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நடுத்தெருவில நின்னாத்தான் புத்தி வரும்."

அவள் முகம் வெளுத்தது. கும்பிட்டாள். அப்போதும் பதில் சொல்லவில்லை.

குவியல்களை இழுத்துப்போட ஆள் தேடினார். திங்கட்கிழமைதான் வருவோம் என்றார்கள். பறவைகள் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஏரியெங்கும் ஒரே சீட்டிச் சத்தம். மூன்று குவியல்களிலும் தழையே தெரியாதபடி வாத்துகள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வங்காளி அதிகாரி பைனாகுலரை இறக்கவே இல்லை.

"தாருண்! பிரமாதம்! மிதக்கும் தீவு! யார் யோசனை, பத்மநாபன் பாபு?"

பத்மநாபன் தொண்டையைச் செருமினார். "குழுவோடது சார்... அதாவது, என்னோடதுதான்."

சால்வை போட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்ற அருக்காணியும் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பத்மநாபனுக்குப் பெருந்தன்மை பொங்கியது. எழுதி வைத்திருந்த புகார்க் கடிதத்தை, மனைவி விஜயலக்ஷ்மி பார்க்கும்படியாக நாலாகக் கிழித்தார்.

"அந்த அருக்காணியை மன்னிச்சுட்டேன். பாவம், படிக்காதவ."

விஜயலக்ஷ்மி கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினாள்.

"விருந்தாளி முன்னாடி நீங்க வெறும் ஏரியைக் காட்டிண்டு நிக்கக் கூடாதேன்னு, அவகிட்டப் போய் வழி கேட்டதே நான்தான். அன்னிக்கு அந்த மூங்கிலோட இன்னொரு முனையைப் பிடிச்சிண்டிருந்ததும் நான்தான். தூரத்துல உங்க டார்ச் வெளிச்சத்தைப் பார்த்ததும், 'நீங்க போயிருங்கம்மா, சொந்த வீட்டுலயே ஏரியை வழிச்சது தப்புன்னு சொல்லிட்டாங்கன்னா அய்யா மனசு ஒடிஞ்சு போயிரும்'னு என்னை அனுப்பிட்டு, அவ நின்னு வாங்கிக் கட்டிண்டா."