பக்கத்துத் தலையணை

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வியாதி டிரைவருக்கு. தினமும் நாலு மணி நேரமாவது மூக்கில் காற்றை ஊதும் மிஷினின் மாஸ்க்கைப் போட்டுத் தூங்கியதாக ரிப்போர்ட் வந்தால்தான் மறுபடி பஸ்ஸைத் தொடலாம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். அவருக்கோ அந்தக் காற்று ஒத்துவரவில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியதுபோல மூச்சு முட்டியது. முதல் வாரமே ஒரு வழி கண்டுபிடித்தார். மாஸ்க்கைப் பக்கத்துத் தலையணையில் வைத்து, மிஷினை ஓடவிட்டுத் தூங்கினார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்; குறட்டைக்குப் பயந்து மனைவி எப்போதோ அடுத்த அறைக்குப் போய்விட்டதால் பார்க்க ஆளில்லை.

மாதக் கடைசியில் தூக்கத்தைப் பதிவு செய்யும் மிஷினின் கார்டை கிளினிக்கில் கொடுத்தார். குட்டு உடைந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை.

“பரவாயில்லையே சார், தினம் ஏழு மணி நேரம்!” என்றாள் டெக்னீஷியன்.

“சும்மா ஓடினாலும் அப்படித்தான் காட்டுமா?”

“சும்மா ஓடினா காத்து லீக்காகுதுனு காட்டிக் குடுத்துடும். இதுல லீக்கே இல்ல. நிமிஷத்துக்கு இருபத்திரண்டு மூச்சு. பெரியவங்களுக்கு இது கொஞ்சம் வேகம்தான். பயந்துக்கிட்டே தூங்கறீங்களா?”

அவர் தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், “மாஸ்க்கை நீ எடுத்தியா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“அந்தக் கண்றாவிய நான் எதுக்குத் தொடப்போறேன்?”

அறைக்குப் போய் மாஸ்க்கை மாட்டிப் பார்த்தார். தலையில் ஏறவில்லை. பின்பட்டையைக் கடைசிவரை இழுத்து, ஒரு சின்னத் தலையின் அளவுக்கு இறுக்கியிருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கும் அதன் உள்ளே ஈரம் காயவில்லை.