ஏழு மணிக் கடிதம்

"மணி ஏழரை ஆச்சு. மிரட்டல் கடிதத்தைக் காணோமே! எங்க போச்சு உன் பூச்சாண்டி?" பிளாஸ் அயாலா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

எதிரே நின்ற நிமியா பல்லைக் கடித்தாள். நாற்பத்தொரு நாளாகக் காலை ஏழுக்கு மின்னஞ்சலில் தவறாமல் வந்த கடிதம் அது. 'நிர்வாகியே, சர்வரின் மைய நிரலான கெர்னலின் அமைப்பு வரம்புக்கு வெளியே இருக்கிறது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள் 512. குறைந்தது 4096 வேண்டும்.' எழுதியது ஆளில்லை. ஆம்புலன்ஸ் சேவையின் சர்வரில் அவள் ஏற்றியிருந்த சின்ன நிரல்.

ஊரில் எவன் மயங்கி விழுந்தாலும் அழைப்பு அந்த சர்வர் வழியாகத்தான் ஓட்டுநர்களின் கைபேசிக்குப் போகும். அதில் 512 என்று வைத்தவர், எல்லாரும் மரியாதையாக 'தோன்' போட்டு அழைக்கும் அவளுடைய மேலதிகாரி பிளாஸ். பதினோரு வருடம் அசைக்காத எண்ணில் வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆனவள் குறை சொன்னால் பற்றிக்கொண்டு வராதா?

"இப்ப புதுசா மூணு பேட்டையைச் சேர்த்திருக்கோம், தோன் பிளாஸ். ஐந்நூத்திப் பதிமூணாவது வேலை வந்தா மெஷின் கதவைச் சாத்திடும், அப்புறம் எந்தப் புது வேலையும் ஓடாது."

"சும்மா நிறுத்து! எண்ணை நான் தொடவேயில்ல, இன்னும் 512தான். ஆனா கடிதம் வரல. அப்ப உன் நிரல் தானா உளறியிருக்கு, தானா வாயை மூடியிருக்கு. அதை நம்பி டைரக்டர்கிட்ட என் மானத்தை வாங்கினியே!"

"ஒரே நிமிஷம், சர்வரைப் பாத்துடறேன்."

"கையை எடு!" விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தை அவள் முன்னால் தள்ளினார். "கையெழுத்துப் போடு. இல்லேன்னா நானே துரத்துவேன்."

வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் அந்தச் சம்பளத்தில்தான். கண்ணில் நீர் முட்ட, நிமியா கையெழுத்துப் போட்டாள்.

பிளாஸுக்கு உச்சி குளிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மாமரத்தடியில் ஏழு வண்டிகளும் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் தெரெரே என்னும் ஐஸ் போட்ட மூலிகைத் தேநீர்க் குவளையைக் கை மாற்றிக் குடித்தபடி சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை இப்படி நிம்மதியாக விடிந்து எத்தனை நாளாயிற்று!

ஓட்டுநர் சிரிலோ காலிக் கூஜாவோடு ஐஸ் கேட்டு உள்ளே வந்தான். போகிற போக்கில் தலையைச் சொறிந்தான்.

"ஆறு மணியிலேருந்து ஒரு அழைப்புகூட வரலையே, தோன் பிளாஸ்... இன்னிக்கு அசுன்சியோன்ல ஒருத்தருக்குக்கூடவா உடம்புக்கு முடியாமப் போகல?"